"எம்மை" என்ற ஒரு சொல்: தில்லைக் குயவர் வீட்டில் நடந்தது

இந்த எபிசோடில் சிதம்பரம் போகப் போறோம். ஆனா நடராஜர் சன்னதிக்கு இல்லை. பெரிய கோயிலுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இளமையாக்கினார் கோயில் இருக்கு. பக்கத்தில் ஒரு குளம். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வருஷக்கணக்கா கிடந்த ஒரு விஷயம் அந்தக் குளக்கரையில்தான் முடிவுக்கு வந்தது என்கிறது பெரியபுராணம்.

அதுக்கு முன்னாடி என் வீட்டுக் கதை கொஞ்சம். நான் வளர்ந்தது கடலூர். எங்க அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனா ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டதும் குறைவு. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாங்க அம்மா. அப்பா பக்கத்து ரூமில்தான் இருப்பார், அவருக்கே கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்லணும். "அரை மணி ஆகும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். திரும்பி வந்து அதைச் சொல்லணும். கேட்டுக்கிட்டு இருக்கிற பல பேர் வீட்டில் இது நடந்திருக்கும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இது ஏதோ நம்ம காலத்துப் பழக்கம் இல்லை. தொல்காப்பியம் கற்பியலில் கணவன் மனைவிக்கு நடுவில் தூது போகிறவர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கு. அவங்களுக்கு 'வாயில்கள்' என்று பேர். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, விருந்தினர், கூத்தர் என்று மொத்தம் 12 பேர். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவான், தலைவி கதவைத் திறக்க மாட்டாள். அப்போ இவங்கள்ல ஒருத்தர் உள்ளே போய்ப் பேசுவார். வாயில் என்றால் கதவு, வழி. மனுஷங்களையே கதவு என்று சொன்ன மொழி நம்முடையது. வள்ளுவரும் ஊடலை உப்போடு ஒப்பிடுகிறார். அளவாக இருந்தால் ருசி, கொஞ்சம் நீண்டாலும் கெட்டுப் போகும்.

அப்படி நீண்டு போன ஓர் ஊடலின் கதைதான் திருநீலகண்ட நாயனார் கதை. இந்தக் கதை வளர்ந்த விதத்தை முதலில் பார்க்கணும். சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகையில் இவரைப் பற்றி இருப்பது பேரும் தொழிலும் மட்டும்தான்: திருநீலகண்டம், குயவர். பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் இவருக்கு ஒரு பாட்டு ஒதுக்குகிறார். மனைவி சிவன் பேரில் ஆணையிட்டாள், இவர் ஆசையைத் துறந்தார், இருவருக்கும் முதுமை வந்தது, பிறகு சிவனருளால் இளமை திரும்பியது. அவ்வளவுதான். ஏன் ஆணையிட்டாள் என்று அங்கே இல்லை. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடுகிறார். அவர் கையில் இது 40 பாட்டுக்கு மேல் விரிகிறது. அங்கேதான் நமக்குக் காரணமும் தெரிகிறது, வீட்டுக்குள்ளே நடந்ததும் தெரிகிறது.

கதை இதுதான். தில்லையில் ஒரு குயவர். சிவனடியார்களுக்கு ஓடு செய்து கொடுப்பதைத் தொண்டாக வைத்திருந்தவர். இளமையின் வேகத்தில் ஒரு பரத்தையிடம் போய் வருகிறார். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் என்ன செய்தார் என்பதைச் சேக்கிழார் நுணுக்கமாகச் சொல்கிறார். மானம் பொறுக்காமல் ஊடினார். ஆனால் வீட்டு வேலை ஒன்றையும் நிறுத்தவில்லை. எல்லாம் செய்தார், உடனுறைவுக்கு மட்டும் இசையவில்லை. கணவர் சமாதானம் பேசி, கெஞ்சி, தொட நெருங்குகிறார். அப்போது வந்து விழுகிறது அந்த ஆணை. எம்மைத் தீண்டினால் திருநீலகண்டத்தின் மேல் ஆணை என்கிறார் மனைவி.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கணும். 'என்னை' என்று சொல்லியிருந்தால் அது அந்த ஒரு பெண்ணோடு முடிந்திருக்கும். அவர் சொன்னது 'எம்மை'. பன்மை. கணவர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். எம்மை என்றாயே, அப்படியானால் உன்னை மட்டுமல்ல, வேறு எந்தப் பெண்ணையும் இனி மனதாலும் தீண்ட மாட்டேன் என்று முடிவெடுக்கிறார்.

உரை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் அவருடைய பக்தியை மெச்சுவார்கள். நியாயம்தான், சிவன் பேரைக் கேட்டதும் அடங்கிய மனுஷன். ஆனா நான் படிக்கும்போது வேறொண்ணும் தோணுது. கோபத்தில் ஒருத்தி ஒரு வார்த்தை சொல்றா. எதிரே நிற்கிறவர் அந்த வார்த்தைக்கு இலக்கணம் பார்க்கிறார். அதுக்குப் பின்னாடி இருக்கிற காயத்தைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேட்கலை. 'எம்மை' என்பதில் தன்னையும் சேர்த்து, அவமானப்பட்ட எல்லாப் பெண்களையும் அவர் நினைத்தாரா, இல்லை பேச்சுவாக்கில் வந்ததா? அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால்தான் தெரிஞ்சிருக்கும்.

அதன் பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பிரிந்து போகவில்லை. ஒரே சின்ன வீடு. அயலார் ஒருவருக்கும் தெரியாது. பேச்சு நின்றதாகவும் சேக்கிழார் சொல்லவில்லை, நின்றது தீண்டல்தான். வேலை நடந்தது, அடியார்களுக்கு ஓடு போனது, நாள் போனது. அந்த ஒரு விஷயம் மட்டும் நடுவில் கிடந்தது. இருவரும் தளர்ந்து போகும் அளவு முதுமை வந்துவிட்டது.

நம்ம வீடுகளில் 'பேச்சுவார்த்தை இல்லை' என்று சொல்வோமே, அது வேற. இங்கே பேச்சு இருக்கு. பால் வாங்கினியா, கரண்ட் பில் கட்டினீங்களா, பையனுக்கு ஃபீஸ் எப்போ, எல்லாம் பேசுவோம். பேச வேண்டிய அந்த ஒண்ணை மட்டும் சுத்திக்கிட்டுப் போவோம். வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு அது நல்ல குடும்பம்.

சேக்கிழார் கதைக்கு வருவோம். சிவபெருமான் யோகி வேடத்தில் வந்து ஒரு திருவோட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, கேட்கும்போது கொடு என்று சொல்லிப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது ஓடு வைத்த இடத்தில் இல்லை. வாழ்நாள் முழுக்க ஓடு செய்தவர் வீட்டில் ஓர் ஓட்டைக் காணவில்லை! வேறு நல்ல ஓடு தருகிறேன் என்றால் யோகி ஏற்கவில்லை. நீ திருடவில்லை என்றால் உன் மகன் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். மகன் இல்லை. அப்படியானால் மனைவி கையைப் பிடி. எங்களுக்குள் ஒரு சபதம் இருக்கிறது, முடியாது என்கிறார் குயவர். என்ன சபதம் என்று மட்டும் சொல்லவில்லை. வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. மனைவியோடு மூழ்குவதே முறை என்று சபை சொல்கிறது.

குயவர் மனைவியோடு குளத்துக்கு வருகிறார். கையில் ஒரு மூங்கில் கோல். ஒரு முனையை அவர் பிடிக்கிறார், மறுமுனையை மனைவி பிடிக்கிறார். யோகி விடவில்லை. கோல் கூடாது, கையைப் பிடி. வேறு வழியில்லாமல், கூடியிருந்த உலகத்தார் கேட்க, முன்பு தான் செய்ததைக் குயவர் தன் வாயால் சொல்கிறார். சொல்லிவிட்டு மூழ்குகிறார்கள். எழும்போது இருவரும் இளமையாக எழுகிறார்கள்.

இந்த வரிசையை நான் பல தடவை திரும்பப் பார்த்திருக்கேன். இளமை வந்த பிறகு அவர் உண்மையைச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் இளமை வருகிறது. சபதத்தையும் அவர் மீறவில்லை. கோலைப் பிடித்தபடியே, ஆனால் சொல்லிவிட்டு மூழ்குகிறார். நம்பியின் ஒரு பாட்டில் ஓடும் கிடையாது, கோலும் கிடையாது, ஊர் கேட்கச் சொல்வதும் கிடையாது. சேக்கிழார் கதையில்தான் இதெல்லாம் வருகிறது. வெறும் அற்புதமாக இருந்த ஒரு செய்தி, இப்படித்தான் ஒரு தாம்பத்தியத்தின் கதையாக ஆச்சு. 1939ல் தியாகராஜ பாகவதர் நடித்து 'திருநீலகண்டர்' சினிமாவாக வந்து ஊர் ஊராக ஓடியதற்கும், பாட்டோடு சேர்த்து இந்தக் கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனா ஒரு குறை இருக்கு. அந்த ஆணைக்கு அப்புறம் அந்த அம்மாவின் பேச்சு பாட்டில் இல்லை. அவருக்குப் பேரும் இல்லை, மனைவியார் என்றுதான் வருகிறார்.

இதே ஜில்லாவில், 800 வருஷம் கழிச்சு இன்னொரு தம்பதியை நினைச்சுப் பாருங்க. 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன், விருத்தாசலம் என்பது இயற்பெயர். வேலைக்காக அவர் சென்னையில் இருந்த காலங்களில், மனைவி கமலா திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில். பாணனும் தோழியும் போன இடத்தில் தபால்காரர் வருகிறார். அந்தக் கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தன. கதைகளில் அத்தனை கூர்மையாக எழுதின மனுஷன், அங்கே பணக் கஷ்டம், ஏக்கம் எல்லாத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். 1948ல் காசநோயில் அவர் இறந்துபோனார். அந்தப் புத்தகத்திலும் நாம் கேட்பது கணவன் குரல்தான். ஆனால் இந்த மனைவிக்குப் பேர் இருக்கிறது. கமலா விருத்தாசலம் தானும் சிறுகதைகள் எழுதினார்.

மறுபடி என் வீட்டுக்கு வரேன். வேலைக்காக நான் சென்னை வந்த பிறகும் தூது நிற்கலை. அம்மா போனில் கூப்பிட்டு, "மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுடா" என்பாங்க. அப்பா அதே வீட்டில், அதே கூடத்தில் இருப்பார். கடலூரில் பத்தடி தூரம் போக வேண்டிய செய்தி சென்னை வந்து திரும்பிப் போகும். ஒருநாள் பெரியபுராணம் படிச்சுக்கிட்டிருந்தேன். அந்த மூங்கில் கோல் வந்த இடத்தில் நிறுத்திட்டேன். அந்தக் கோல் நான்தான்னு பட்டுது.

அடுத்த தடவை அம்மா கூப்பிட்டப்போ, "ஸ்பீக்கரில் போடும்மா" என்றேன். போட்டாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பேசலை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. "லைன் கட்டாயிடுச்சா?" என்றார் அப்பா. "தெரியலீங்க" என்றாங்க அம்மா. கொஞ்சம் பொறுத்து, "மாத்திரை தீந்துடுச்சுங்க" என்றாங்க. "எப்போ? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் அப்பா. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்று அம்மா ஆரம்பிச்சாங்க. நான் போனை வெச்சுட்டேன். அதுக்கு மேல என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டுக்கலை.

தை விசாகம் திருநீலகண்டருடைய நாள். இளமையாக்கினார் கோயிலில் அன்றைக்கு விசேஷம். முடிஞ்சா ரெண்டு பேருமா போய்ப் பாருங்க. பஸ்ஸில் போகும்போது, நடுவில் பையையோ பிள்ளையையோ உட்கார வைக்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.