ஹைல்பிரான் மாயப்பெண்

ஹைல்பிரான் மாயப்பெண் என்பது 1990களிலும் 2000களிலும் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய நாடுகளில் நிகழ்ந்த பல குற்றங்களைச் செய்தவராகக் கருதப்பட்டு, 2009 ஆம் ஆண்டு வரை தேடப்பட்ட ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்ட பெயராகும். ஊடகங்கள் இவரை "முகமில்லாப் பெண்" என்றும் அழைத்தன. ஏறத்தாழ 40 குற்றவிடங்களில் இவருடைய டி.என்.ஏ கிடைத்தது. இறுதியில் அத்தகைய குற்றவாளி ஒருவர் இருந்ததே இல்லை என்பது தெரியவந்தது. தடயவியலில் மாசுபடுதல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துக்காட்டும் நிகழ்வு இதுவே.

தடயங்கள்

1993 இல் இடார்-ஓபர்ஸ்டைன் நகரில் கொல்லப்பட்ட மூதாட்டி ஒருவரின் வீட்டிலிருந்த தேநீர்க் கோப்பையில் இந்த டி.என்.ஏ காணப்பட்டது. 2001 இல் பிரைபர்க் நகரில் நிகழ்ந்த கொலையிலும் அதுவே கிடைத்தது. பின்னர் போதைமருந்து ஊசி, கடித்து எறியப்பட்ட பிஸ்கட்டுத் துண்டு, பொம்மைத் துப்பாக்கி என ஒன்றோடொன்று தொடர்பற்ற பொருட்களிலும் அது வெளிப்பட்டது. கொலையும் செய்து, சில்லறைத் திருட்டிலும் ஈடுபட்டு, ஒவ்வொரு முறையும் வேறு கூட்டாளிகளுடன் செல்லும் ஒருத்தியின் உருவம் இவ்வாறு புனையப்பட்டது.

2007 ஏப்ரல் 25 அன்று ஹைல்பிரான் நகரில் 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த காவலர் படுகாயமடைந்தார். அவர்களுடைய ஊர்தியிலும் அதே டி.என்.ஏ இருந்ததால் தேடுதல் தீவிரமானது. 2009 சனவரியில் வெகுமதி 3,00,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. அந்த டி.என்.ஏ கிழக்கு ஐரோப்பிய மரபைக் காட்டுவதாக ஆய்வு ஒன்று கூறியிருந்தது. ரோமா இன மக்கள் மீதும் ஐயம் பரவியது.

கைரேகையால் உடைந்த புதிர்

பிரான்சில் எரிந்த நிலையில் கிடந்த ஓர் ஆணின் உடலை அடையாளம் காண முயன்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர் பல ஆண்டுகளுக்கு முன் புகலிடம் கோரி அளித்த விண்ணப்பத்தில் கைரேகை இட்டிருந்தார். விரல் பதிந்த தாளில் வியர்வையும் தோல் உயிரணுக்களும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அதிலிருந்து டி.என்.ஏ எடுக்கப்பட்டது. கிடைத்ததோ மாயப்பெண்ணின் டி.என்.ஏ! ஆணின் கைரேகையில் பெண்ணின் டி.என்.ஏ இருக்க வழியில்லை. வேறு பஞ்சுக்குச்சி கொண்டு மீண்டும் சோதித்தபோது அது காணப்படவில்லை.

ஆகவே குற்றவிடங்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது, மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சியே. அதனைப் பொதியும் பணியில் இருந்த பெண் தொழிலாளி ஒருவரின் உயிரணுக்கள் அதில் ஒட்டியிருந்தன. பல குற்றவிடங்களுக்கு நடுவே அமைந்திருந்த பவேரியா மாநிலத்தில் மட்டும் இத்தடயம் கிடைக்காததன் காரணமும் அப்போது புரிந்தது: அங்குள்ள காவல்துறை வேறு இடத்திலிருந்து பஞ்சுக்குச்சிகளை வாங்கியது. வரைபடத்தில் இருந்த அந்த வெற்றிடத்தை முன்னரே யாரேனும் கேள்விக்குட்படுத்தியிருக்கலாம்.

அறிவியல் விளக்கம்

அந்தப் பஞ்சுக்குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவையே. ஆனால் கிருமிநீக்கம் நுண்ணுயிர்களைக் கொல்லுமேயன்றி டி.என்.ஏ மூலக்கூறை முற்றிலும் அழிப்பதில்லை. பாலிமரேசு தொடர்வினை எனும் முறை, சில உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏவைக்கூடப் பல கோடி மடங்கு பெருக்கவல்லது. முறை நுட்பமாக ஆக ஆக, வெளியிலிருந்து ஒட்டிய துகளும் தடயம் போலவே பெருகித் தோன்றும். குச்சிகளுள் ஒரு சில மட்டுமே மாசுபட்டிருந்தால், பயன்படுத்தாத குச்சிகளை ஆங்காங்கே எடுத்துச் சோதிப்பதாலும் பிழை எளிதில் பிடிபடாது. கைரேகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது விரல் தொட்ட இடத்தில் பதியும் வடிவம்; தொழிற்சாலையிலிருந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டு வராது. ஆயினும் தெளிவற்ற ரேகையைத் தவறாக ஒப்பிட்டுவிடும் வாய்ப்பு அதற்கும் உண்டு.

டி.என்.ஏ மாதிரி சேகரிக்கும் பொருட்களில் மனித டி.என்.ஏ மாசு இருத்தலாகாது என்பதற்கான ஐ.எசு.ஓ 18385 எனும் பன்னாட்டுச் சீர்தரம் 2016 இல் வெளியானது.

வழக்கின் முடிவு

காவலரைக் கொன்றவர்கள் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அகப்படவில்லை. 2011 நவம்பர் 4 அன்று ஐசனாக் நகரில், தேசிய சோசலிசத் தலைமறைவு என்ற புதிய நாசிக் குழுவைச் சேர்ந்த இருவர் தங்கள் ஊர்தியில் இறந்து கிடந்தனர். ஹைல்பிரானில் பறிக்கப்பட்ட காவலர் துப்பாக்கிகள் அங்கே கிடைத்தன. அக்குழு 2000 முதல் 2006 வரை குடிபெயர்ந்தோர் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரையும் கொன்றிருந்தது. அதில் எஞ்சியிருந்த பெண் உறுப்பினருக்கு மியூனிக் நீதிமன்றம் 2018 சூலை 11 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. அவருடைய டி.என்.ஏவுக்கும் மாயப்பெண்ணுக்கும் எத்தொடர்பும் இல்லை.