1901 கணக்கெடுப்பு இணையச் சேவை

1901 கணக்கெடுப்பு இணையச் சேவை என்பது 1901 மார்ச் 31 நிலவரப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளைப் பொதுமக்கள் பார்வையிடுவதற்காக, 2002 சனவரி 2 அன்று தொடங்கப்பட்ட இணையச் சேவை ஆகும். இதில் ஏறத்தாழ 3.2 கோடி மக்களின் பெயர், வயது, தொழில், பிறந்த இடம் முதலிய விபரங்கள் இடம்பெற்றன.

பின்னணி

தனிமனித விபரங்களைக் காக்கும் பொருட்டு இவ்வேடுகள் 100 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. முந்தைய கணக்கெடுப்புகளை ஆய்வோர் பெரும்பாலும் நுண்படச்சுருள்களை ஊர்வாரியாகப் புரட்ட வேண்டியிருந்தது. புதிய சேவையில் பெயரைக் கொண்டே தேட முடிந்தது. தேடல் இலவசமாக இருந்தது, ஏட்டின் படிமத்தைக் காணக் கட்டணம் இருந்தது.

முடக்கம்

நாளொன்றுக்குச் சுமார் 12 இலட்சம் பயனர்களுக்கென இத்தளம் வடிவமைக்கப்பட்டிருந்தது. தொடக்க நாளிலோ ஏறத்தாழ அத்தனை பேர் ஒரு மணி நேரத்திலேயே அணுக முயன்றனர். வழங்கிகள் திணறியதால் சில நாட்களில் தளம் மூடப்பட்டது. 2002 நவம்பரிலேயே அது முழுமையாகத் திறக்கப்பட்டது.

பெயர்ச்சுட்டியின் குறைபாடு

அக்காலத்தில் கணினியால் இத்தகைய கையெழுத்தைத் தேட இயலவில்லை. ஆகவே ஏடுகளைப் பார்த்து மனிதர்கள் தட்டச்சிட்ட பெயர்ச்சுட்டியே தேடப்பட்டது. அதில் ஓர் எழுத்து தவறினாலும், ஏட்டில் உள்ள ஒருவர் தேடலில் அகப்படாமற் போகலாம். அவ்வேளையில் வயது, பிறந்த இடம் அல்லது அதே வீட்டில் வசித்த வேறொருவரின் பெயரைக் கொண்டு தேடுவது பயன் தரும்.

பிற்கால நிகழ்வுகள்

அமெரிக்காவின் 1940 கணக்கெடுப்பு 2012 ஏப்ரல் 2 அன்று இணையத்தில் வெளியானபோதும் முதல் நாளில் இதே நெரிசல் ஏற்பட்டது. அப்போது பெயர்ச்சுட்டி இல்லாததால், முகவரியைக் கொண்டே தேட வேண்டியிருந்தது. பின்னர் தன்னார்வலர்கள் சில மாதங்களில் பெயர்ச்சுட்டியை உருவாக்கினர்.