உய்யக்கொண்டான் கரையிலே



அயல்நாட்டார் பழங்கால்வாய்களில் படகேறிச் சென்று, கரையோரச் சிற்றூர்களில் இறங்கிப் பார்த்து மகிழ்கின்றனர். பிரான்சில் 1681-இல் திறக்கப்பட்ட, 240 கி.மீ. நீளமுள்ள கனால் டூ மிடி அத்தகையது. நம் தமிழகத்திலும், 1806-இல் வெட்டத் தொடங்கிப் பின்னாளில் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்றதுண்டு.

நம் ஊர் உய்யக்கொண்டான் வாய்க்காலோ படகுக்கென வெட்டியதன்று, பயிருக்கென வெட்டியது. ஆயினும் வயதில் அவ்விரண்டுக்கும் மூத்தது. ஆகவே, இந்த ஜூபிலி மலருக்காக நாங்கள் சிலர் அதன் கரைவழியே சென்று வந்தோம். கண்டதை உங்களுக்குச் சொல்கிறோம்.

திருச்சிக்கு மேற்கே, பேட்டைவாய்த்தலையில் புறப்பட்டோம். வாய்க்காலின் தலைமதகுக்கு 'வாய்த்தலை' என்பது பழந்தமிழ்ப் பெயர், தொழிலே ஊர்ப்பெயராகிவிட்டது! காவிரி இன்னும் கிழக்கே சென்று, முக்கொம்பில் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. அவ்வாறு பிரிவதற்கு முன்பே நம் வாய்க்கால் தன் பங்கைப் பெற்றுக்கொள்கிறது.

இதை வெட்டியவன் முதலாம் இராசராசன் (985–1014) என்பது வழிவழிச் செய்தி. உய்யக்கொண்டான் என்பது அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று என்பர். சுமார் 70 கி.மீ. நீளமும், 32,000 ஏக்கர் பாசனமும் உடையது இது. ஆற்றைவிடச் சற்று மேடான நிலத்தில், சரிவை அறிந்து வெட்டியிருக்கின்றனர். எனவே நீர் தானாகவே தாழ்ந்த வயல்களில் பாய்கிறது. இறைக்க இயந்திரம் வேண்டியதில்லை. இதை அளந்து வெட்டிய கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வாழையும் நெல்லும் நிறைந்த ஊர்களைக் கடந்து உய்யக்கொண்டான் திருமலைக்கு வந்தோம். தேவாரம் கற்குடி என்று பாடிய குன்று இது. 1753-இல் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது, இக்குன்றும் படைகளின் காவலிடமாயிற்று. அக்கால ஆங்கில நூல்கள் இதன் பெயரை 'வெய்கொண்டா' என்று சிதைத்து எழுதின.

அடுத்து புத்தூர், பின்னர் பாலக்கரை. இங்கே சகாயமாதா கோயிலின் கோபுரம் நமக்குப் பழகிய காட்சி. இவ்வாய்க்காலில் குளித்துத் துணி துவைத்த நாள்களை நம் பெரியவர்கள் இன்றும் ஆசையோடு நினைவுகூர்கின்றனர். ஆனால் நாங்கள் கண்டது வேறு. மேற்கே தெளிந்து வந்த நீர், நகருக்குள் நுழைந்ததும் கறுத்துவிடுகிறது. கழிவுநீர் கலக்கிறது, குப்பை மிதக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தோம்.

யாரைக் குறை சொல்வது? அரசு செய்ய வேண்டியது உண்டு, மெய்தான். ஆயினும் நம் வீட்டுச் சாக்கடை எங்கே போய் முடிகிறது, திருவிழா முடிந்ததும் இலையும் தாளும் எங்கே போகின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? நாம் கறுக்க வைத்த அதே நீர்தான் வரகனேரி, அரியமங்கலம் தாண்டிக் கிழக்கே உழவனின் வயலுக்குப் போகிறது.

பயணத்தின் முடிவு, திருவெறும்பூருக்கு அப்பால் வாழவந்தான்கோட்டை ஏரி. பெயர்களைப் பாருங்கள்! வாய்க்காலின் பெயரில் 'உய்ய' என்ற சொல்; அது சென்று சேரும் ஊரின் பெயரில் 'வாழ' என்ற சொல். நம் முன்னோர் தண்ணீருக்கு இட்ட பெயர்களே நல்ல மறையுரையாய் இருக்கின்றன. தண்ணீரால் திருமுழுக்குப் பெற்ற நாம் அதைக் கேளாதிருக்கலாமா?

ஆயிரம் ஆண்டுகள் நம்மை வாழவைத்த வாய்க்கால், ஒரு தலைமுறையில் சாக்கடையாகிவிடலாகாது. நம் தெருவை ஒட்டிய கரையையேனும் தூய்மையாக வைத்திருக்க, ஜூபிலி ஆண்டில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு நாளை ஒதுக்குமாக. அடுத்த விழா மலரை எழுதப் போகும் நம் பிள்ளைகள், மூக்கைப் பொத்தாமல் இக்கரையில் நடக்கட்டும்!