ஒளியால் எழுந்த நினைவுச் சின்னங்கள்

இறந்தோரை நினைவுகூரும் பொருட்டு மனிதன் முதன் முதல் நாடியது கல்லையே யாகும். எகிப்தியரின் கூர்ங்கோபுரங்களும், உரோமரின் வெற்றித் தூண்களும், தமிழரின் நடுகற்களும் ஒரே எண்ணத்தின் பல்வேறு வடிவங்கள். மாந்தர் மாய்வர்; கல் நிற்கும் என்பதே அவ்வெண்ணம். இதற்கு முற்றிலும் மாறாக, கையால் தொட இயலாததும், விசையை முடுக்கிய கணத்தே தோன்றி நிறுத்திய கணத்தே மறைவதுமாகிய ஒளியைக் கொண்டு பொதுமக்களுக்கான நினைவுச் சின்னம் எழுப்பும் வழக்கம் அண்மைக் காலத்தே தோன்றி வளர்ந்துள்ளது. இவ்வழக்கத்திற்கு உதவிய கருவி கோயிலிலோ கலைக்கூடத்திலோ பிறந்ததன்று, போர்க்களத்திற் பிறந்தது.

தேடொளி விளக்கு என வழங்கும் அக்கருவியின் தத்துவம் எளியது. இரு கரிக்கோல்களின் நுனிகளுக்கிடையே மின்சாரம் பாயுங்கால் கண்கூசும் பேரொளி பிறக்கின்றது. அவ்வொளியைக் குழிந்த ஆடியொன்றின் குவியத்தில் அமைப்பின், சிதறியோடும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகத் திருப்பப்பட்டு ஒரே கற்றையாய் வெளிச்செல்லும். பிரான்சியப் படைப் பொறியியலாளராகிய மன்ஜின் என்பார் 1870 களில் இதற்கென அமைத்த ஆடி, கடற்படைகளிலும் கோட்டைகளிலும் விரைவிற் பரவியது. 1915 ஆம் ஆண்டு ஜேர்மனியரின் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் இலண்டன்மீது குண்டு வீசத் தொடங்கிய பின், நகரத்து மக்கள் இரவு வானை ஊடறுத்துச் செல்லும் ஒளிக்கற்றைகளை அச்சத்தோடு நோக்கப் பழகினர். ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. முற்றாகத் தூய வளியினூடே செல்லும் ஒளியைப் பக்கத்தே நிற்பவன் கிட்டத்தட்டக் காணவே முடியாது. வளியில் மிதக்கும் தூசும் நீர்த்துளிகளும் ஒளியின் சிறு பகுதியைச் சிதறச் செய்து நம் கண்ணுக்கு அனுப்புவதனாலேயே கற்றை தூணாகத் தோன்றுகின்றது. ஆகவே ஒளித்தூண் என்பது, உண்மையில், ஒளியூட்டப்பட்ட தூசுத்தூணே.

இக்கருவியைக் கட்டடக் கலைக்குரிய பொருளாக மாற்றியவர் இட்லரின் கட்டடக் கலைஞராகிய அல்பேட் ஸ்பியர் ஆவர். நாற்சிக் கட்சி நூரெம்பேர்க்கில் நடாத்திய பேரணிகளில், 1934 முதல் 1938 வரை, மைதானத்தைச் சூழப் பன்னிரண்டு மீற்றருக்கு ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட விமான எதிர்ப்புத் தேடொளி விளக்குகள் நிறுத்தப்பட்டு வானை நோக்கிச் செங்குத்தாக ஏற்றப்பட்டன. 'ஒளித் தேவாலயம்' என அதற்குப் பெயராயிற்று. ஸ்பியர் சிறையினின்று மீண்டபின் 1969 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளிற் கூறும் காரணம் நகைப்புக்கிடமானது. கட்சியின் நடுத்தர அதிகாரிகள் பலர் உண்டு கொழுத்துத் தொந்தி சரிந்தவர்களாய் இருந்தமையின், அவர்களது அணிவகுப்பைப் பகலிற் காட்டுதல் அழகன்று. இருளில் நடாத்துவதே நலம் எனக் கருதினாராம். நாட்டின் விளக்குச் சேமிப்பிற் பெரும்பகுதி அங்கே போய்விட்டதே எனக் கோரிங் முறையிட, இத்துணை விளக்குகளை விழாவுக்குச் செலவிடுவோரிடம் இன்னும் எத்துணை இருக்குமோ எனப் பிறநாட்டார் மலைப்பர் என்று இட்லர் விடை பகர்ந்தனராம். தொந்தியை மறைக்கவும் பகைவனை ஏய்க்கவும் எழுந்த ஒளி, ஆங்கு நின்ற பல்லாயிரவர்க்குத் தெய்வீகக் காட்சியாய்த் தோன்றியது. ஒளிக்கு இயல்பாகவே உள்ள இம்மயக்கும் ஆற்றலைப் பின்வந்தோர் எவரும் மறந்துவிடுதற்கில்லை.

டொமினிக்கன் குடியரசின் தலைநகராகிய சாந்தோ டொமிங்கோவில் உள்ள கொலம்பசு கலங்கரை விளக்கமும் இவ்வரிசையிற் சேரும். உலகளாவிய போட்டியொன்றில் 1931 ஆம் ஆண்டு கிளீவ் என்னும் பிரித்தானிய இளைஞரின் வரைபடம் பரிசு பெற்றது. கட்டடமோ 1992 இலேதான், கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த ஐந்நூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி, சனாதிபதி பலகேரின் ஆட்சியில் திறக்கப்பெற்றது. அதன் கூரையினின்று எழும் கதிர்கள் இரவு வானிற் சிலுவை வடிவை வரைவன. அந்நாளில் அந்நகர மக்கள் அடிக்கடி நேர்ந்த மின்தடையால் இருளில் வாடினர். கட்டடத்துக்கு இடம்விடும் பொருட்டு ஏழைக் குடும்பங்கள் பல அப்புறப்படுத்தப்பட்டன. எஞ்சிய குடிசைகளைக் கண்ணுக்கு மறைக்க மதிலொன்றும் எழுப்பப்பட்டது. வீட்டில் விளக்கில்லாதவன் வானத்துச் சிலுவையைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, ஒளிச்சின்னம் என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவில் எழுவதாகிய நியூயோர்க் நகரத்து ஒளியஞ்சலிக்கு வருவோம். 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள், கடத்தப்பட்ட விமானங்கள் மோதியதனால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. நியூயோர்க்கில் மாத்திரம் 2,753 பேர் மாண்டனர். ஒவ்வொன்றும் 110 மாடிகளோடு 1,360 அடிக்கு மேல் உயர்ந்து நின்ற கோபுரங்கள் இரண்டும் இரண்டு மணித்தியாலத்துக்குள் இல்லாமற் போயின. மீட்புப் பணியாளர் இரவிலும் வேலை செய்தமையால், இடிபாடுகளினின்று எழுந்த புகையும் தூசும் பணிவிளக்குகளின் ஒளியிற் பல நாள் துலங்கிக்கொண்டிருந்தன.

வீழ்ந்த இடத்தில் ஒளியை எழுப்பலாம் என்னும் எண்ணம் ஒருவர்க்கு மட்டும் உதித்ததன்று. பெனற், பொனெவார்டி என்னும் கட்டடக் கலைஞர் இருவர் ஒருபுறமும், லாவெர்டியர், மயோடா என்னும் கலைஞர் இருவர் மறுபுறமும், நாஷ் கூல்ட் என்னும் பிறிதொரு கட்டடக் கலைஞர் தனியாகவும், ஒருவரை ஒருவர் அறியாது ஏறக்குறைய ஒரே காலத்தில் இதனை எண்ணினர். இவருள் லாவெர்டியரும் மயோடாவும் அழிவுக்கு முன் அக்கோபுரமொன்றிலேயே கலைக்கூடம் வைத்து, அதன் உச்சியில் ஏற்றுதற்கென ஒளிச்சிற்பமொன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் ஆக்கிய படம் அம்மாத இறுதியிலேயே நியூயோர்க் ரைம்ஸ் ஏட்டின் வார மலர் அட்டையை அலங்கரித்தது. மாநகரக் கலைக் கழகமும் கிரியேற்றிவ் ரைம் என்னும் கலை நிறுவனமும் இவர்களை ஒன்றுகூட்டின. ஒளியமைப்பு வல்லுநர் போல் மரன்ற்ஸ் தொழில் நுட்பத்துக்குத் துணைநின்றார்.

பெயரிடுவதிலே ஒரு சிக்கல் எழுந்தது. 'ஒளிக் கோபுரங்கள்' என்பதே முதலில் வைக்கப்பெற்ற பெயர். இறந்தோரின் உறவினர்க்கு அஃது உவப்பாக இல்லை. மாண்டவர் மக்கள், கட்டடங்கள் அல்ல. அவ்வாறாகவும் கோபுரத்தின் பெயராற் சின்னத்தை வழங்குதல் எவ்வாறு பொருந்தும் என்பதே அவர்கள் உள்ளக் கிடக்கை. பெயர் 'ஒளியஞ்சலி' என மாற்றப்பட்டது. வடிவமோ மாற்றப்படவில்லை, இன்றும் அது கோபுரங்களின் வடிவமே. உறவினர் எழுப்பிய வினாவுக்குப் பெயரளவில் மட்டுமே விடை கிடைத்தது எனின் அது பிழையாகாது. ஆயினும், இறந்தோர் ஒவ்வொருவர்க்கும் முகமும் பெயருமுண்டு. ஆயிரக் கணக்கான முகங்களை ஒளியால் வரைய எவராலும் இயலாது. பெயர்களைத் தாங்கும் பணி பின்னர், கோபுரங்கள் நின்ற குழிகளைச் சூழ அமைந்து 2011 இல் திறக்கப்பெற்ற நீர்த்தடாகங்களின் வெண்கல விளிம்புக்கே உரியதாயிற்று.

துயர் நிகழ்ந்து ஆறு திங்கள் நிறைந்த 2002 மார்ச் 11 ஆம் நாள் மாலை, தந்தையை இழந்த சிறுமியொருத்தி விசையை முடுக்க, ஒளி முதன் முறையாக எழுந்தது. ஏறக்குறைய ஒரு திங்கட்காலம் இரவுதோறும் நின்றது. 2003 முதல் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டெம்பர் 11 ஆம் நாள் அந்தி தொடங்கி மறுநாள் விடியும்வரை ஏற்றப்பட்டு வருகின்றது. 48 அடிப் பக்கமுடைய சதுரங்கள் இரண்டு. சதுரத்துக்கு 44 ஆக 88 விளக்குகள். ஒவ்வொன்றும் 7,000 உவாற்று வலுவுடைய செனன் விளக்கு. பழைய கரிக்கோல்களின் தொழிலை இங்கே செனன் வாயு அடைத்த குமிழ் செய்கின்றது. வானம் தெளிந்த இரவில் ஒளி நான்கு மைல் உயரம் எழுந்து, 60 மைல் தொலைவிலும் தோன்றும் என்பர். முகில் தாழ்ந்த இரவில் தூண்கள் முகிலில் முட்டி, அங்கே வெண்ணிற வட்டங்களாய் முடிந்துவிடும்.

நூரெம்பேர்க்கின் வரலாற்றை அறிந்தார்க்கு இக்காட்சி உறுத்தலாகவே இருக்கும். கருவி ஒன்றே; செங்குத்தாக வானோக்கும் முறையும் ஒன்றே. வேறுபாடு யாதெனின், ஸ்பியரின் ஒளி மக்களைச் சூழ்ந்து மதிலாய் நின்றது. உள்ளே நின்றவன் தன்னை இழந்து கூட்டத்திற் கரைந்தான். நியூயோர்க்கின் ஒளியினுள்ளே எவரும் நிற்பதில்லை. பாலத்திலோ வீட்டு மாடியிலோ ஆற்றின் அக்கரையிலோ தனித்து நின்று பார்ப்பவனுக்கு அஃது ஓர் வெறுமையையே காட்டுகின்றது. தலைவனும் இல்லை, மேடையும் இல்லை. எனினும் பெருஞ்சினம் கொண்டு நாடு போருக்கு எழுந்த காலத்தில் அவ்வொளி துயரத்தை மட்டுமே ஊட்டியது என்றும் துணிந்து கூறுதற்கில்லை.

கல்லுக்கில்லாத ஒரு கடமை ஒளிக்குண்டு. அதனை ஆண்டுதோறும் மீண்டும் எழுப்பல் வேண்டும். விளக்குகளைக் கொணர்ந்து, முன்னைய தளத்துக்குத் தெற்கேயுள்ள வாகனத் தரிப்பிடக் கட்டடத்தின் கூரையிலே நிரைப்படுத்தி, ஒவ்வொன்றையும் செங்குத்தாகச் சரிபார்த்து, மின்பிறப்பாக்கிகளை இயக்குதற்குப் பணியாளர் பலர் ஒரு வாரத்துக்கு மேல் உழைக்கின்றனர். பணம் தேடுதல் வேறு. 2020 இல், கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி அவ்வாண்டு ஒளியேற்றுவதில்லை என நினைவு நிலையத்தார் அறிவித்தனர். எதிர்ப்புக் கிளம்பவே, மாநில அரசு பணியாளரின் சுகாதாரப் பாதுகாப்புக்கு உதவ முன்வந்தது. சில நாட்களுள் முடிவு மாற்றப்பட்டு, ஒளி வழமைபோல் எழுந்தது. ஒரு தூணை இடிக்க முயல்வோரை எதிர்த்து மக்கள் திரண்டமை பலமுறை கேட்கப்பட்டதே. ஏற்றாத விளக்குக்காக மக்கள் குரலெழுப்பியமை அரிது.

பிற நாட்டு முயற்சிகளுள் இரண்டைக் குறிப்பிடல் போதும். ஐசுலாந்தின் தலைநகர்க்கு அணித்தான விடேய் தீவில் யோக்கோ ஓனோ அமைத்த சமாதான ஒளித்தூண் 2007 முதல் ஆண்டுதோறும், ஜோன் லெனன் பிறந்த ஒக்டோபர் 9 ஆம் நாளிலிருந்து அவர் கொலையுண்ட டிசெம்பர் 8 ஆம் நாள்வரை ஒளிர்வது. முதலாம் உலகப் போர் மூண்ட நூறாம் ஆண்டாகிய 2014 ஆகஸ்ட் மாதத்தில், யப்பானியக் கலைஞர் ரியோஜி இக்கேடா இலண்டன் பாராளுமன்றத்தின் அயலிலே 49 விளக்குகளால் ஒரு தூணை ஒரு வாரம் நிறுத்தினார். அதன் தொடக்க இரவில் நாடெங்கும் வீட்டு விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து, ஒன்றை மட்டும் எரியவிடுமாறு மக்கள் கேட்கப்பட்டிருந்தனர். நூறாண்டுக்கு முன் அதே வானில் குண்டுக்கப்பலைத் தேடிய ஒளியின் வழித்தோன்றலே, அப்போரில் மாண்டவர்க்கு அஞ்சலியாயிற்று.

நியூயோர்க்கில் எவரும் எதிர்பாராத துன்பமொன்று பறவைகளுக்கு நேர்ந்தது. செப்டெம்பர் மாதம் வட அமெரிக்கச் சிறுபறவைகள் தெற்கு நோக்கி வலசை போகும் காலம். அவற்றுட் பெரும்பாலன இரவிலே, விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் துணையாகக் கொண்டு பறப்பன. ஒளித்தூணைக் கண்டவை திசை மயங்கி அதனுள் நுழைந்து, வெளியேற மாட்டாது கூவிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தன. தொலைவில் நின்றவர்க்கு அவை மினுங்கும் துகள்களாய்த் தெரிந்தன. மாண்டவரின் ஆவிகளோ என மயங்கியவரும் இருந்திருக்கலாம். 2017 இல் வெளியான ஆய்வொன்று, ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் ஏறக்குறைய 11 இலட்சம் பறவைகள் இவ்வொளியால் வழி திரிந்தன எனவும், ஒளி அணைந்த சில நிமிடங்களுள் அவை கலைந்து தம் வழிச் சென்றன எனவும் கண்டது. ஆகவே பறவை ஆர்வலர் அவ்விரவு முழுதும் கூரையிலே அண்ணாந்து கிடந்து எண்ணுகின்றனர். கற்றைகளினுள் ஆயிரம் பறவைகள்வரை சேர்ந்துவிட்டால் விளக்குகள் இருபது நிமிடம் அணைக்கப்படும். அவ்விருளிற் பறவைகள் தெற்கே போய்விடும். பின்னர் விளக்குகள் மீண்டும் ஏற்றப்படும்.