கரடிக்குப்பத்துக் கைத்துப்பாக்கி

1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் ரயில்பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதன் கதை புதுவையைத் தொடாமல் நிறைவுறாது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் எல்லையோடு நின்றது. பிரெஞ்சு மண்ணான புதுவையின் கரடிக்குப்பத்தில் வ.வே.சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குச் சுடும் பயிற்சி அளித்தார்.

ஏன் பிரௌனிங்? ரிவால்வரின் சுழலும் உருளை சட்டைப்பையில் புடைத்துக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிரௌனிங்கோ தட்டையானது, தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். கடல்கடத்தவும் எளிது. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரௌனிங்குகளைப் பெட்டியொன்றின் போலி அடித்தட்டில் மறைத்து அனுப்பினார். அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது.

ஆஷைச் சுட்ட வாஞ்சி தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். பயிற்சி தந்தவரோ புதுவையிலேயே தங்கிக் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டார். கொல்லாமை அதிகாரத்தையும் அதே கைதான் எழுதியது. வகுப்பறையில் ‘குளத்தங்கரை அரசமரம்’ நடத்துகையில், ஐயரைச் சிறுகதை முன்னோடி என்று மட்டும் கூறி நாம் கடந்துவிடுகிறோம். இலக்கிய வரலாற்றுக்கு அவ்வளவு போதுமெனில், அது பாதி மனிதரின் வரலாறே.