4.88: ஓர் எண்ணின் வரலாறு

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16. இலண்டன் மாநகரில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அரசாங்கம் பழங்காலத்தில் கணக்கு வைக்கப் பயன்படுத்திய மரக்குச்சிகள் அங்கே வண்டிக் கணக்கில் கிடந்தன. அவற்றைப் பிரபுக்கள் சபையின் அடித்தளத்திலிருந்த இரண்டு உலைகளில் எரித்துவிட உத்தரவாயிற்று. பணியாட்கள் பகல் முழுவதும் அள்ளி அள்ளிப் போட்டனர். புகைபோக்கிகள் அளவு மீறிச் சூடேறின. மாலையில் கட்டடமே பற்றிக்கொண்டது.

அத்தீயில் பிரிட்டனின் முதன்மை அளவைகளும் அழிந்தன. கெஜக்கோல் பயனற்றுப் போயிற்று. பவுண்டு எடைக்கல் கிடைக்கவே இல்லை.

உலை தாங்கும் அளவு

ஓர் அடுப்பின் ஒரு சதுர அடிப் பரப்பில், ஒரு மணி நேரத்தில், இத்தனை பவுண்டு எரிபொருள்தான் எரியலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நீராவி ரயில் எஞ்சின்களை வடிவமைத்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் இந்த அளவை எப்போதும் கையில் வைத்திருந்தனர். ஓரலகு பரப்பில், ஓரலகு நேரத்தில் செல்லும் நிறையை இயற்பியலில் நிறைப் பாய அடர்த்தி என்கிறோம். குழாயில் ஓடும் நீருக்கும், கொதிகலனில் எழும் ஆவிக்கும், வானிலிருந்து விழும் மழைக்கும் இது பொருந்தும்.

ஆங்கில அளவில் இதைச் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்பார்கள். மெட்ரிக் அளவில் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்போம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி?

ஒரு பவுண்டு 0.4536 கிலோகிராம். ஓர் அடி 0.3048 மீட்டர்; ஆகவே ஒரு சதுர அடி 0.0929 சதுர மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4.88 வருகிறது. நேரம் இரு முறைகளிலும் ஒன்றே என்பதால் அதற்குத் தனிக் காரணி வேண்டியதில்லை. மணியை வினாடியாக்க வேண்டுமானால் மட்டும் 3,600-ஆல் வகுக்க வேண்டும். மாணவர் பலர் சறுக்குவது அடியில்தான். அடியை இருமடியாக்க மறந்து 0.3048-ஆல் ஒருமுறை மட்டும் வகுத்தால் 1.49 கிடைக்கும். அது சரியான விடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மழையைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், ஒரு சதுர அடியில் விழும் நீர் 5.2 பவுண்டு. இதை 4.88-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 25.4 கிலோகிராம் ஆகிறது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் அல்லவா? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோகிராம் நீர். கணக்கு ஒத்துப்போகிறது!

இரண்டு நாடுகள், இரண்டு எண்கள்

தீக்குப் பின் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மில்லர், பழைய பவுண்டின் நகல்களோடு ஒப்பிட்டுப் பிளாட்டினத்தால் புதிய பவுண்டைச் செய்தார். 1855-இல் புதிய கெஜமும் பவுண்டும் சட்டமாயின. ஆனால் உலோகமும் மாறாப் பொருளன்று. புதிய கெஜக்கோல் மிக நுண்ணிய அளவில் சுருங்கி வருவது பின்னர் தெரிந்தது.

அமெரிக்கா 1893-இல் கெஜத்தையும் பவுண்டையும் மெட்ரிக் அளவைகளைக் கொண்டே வரையறுக்க முடிவு செய்தது. அங்கே ஒரு மீட்டர் 39.37 அங்குலம். பிரிட்டனிலோ 1898 ஆணைப்படி அது 39.370113 அங்குலம். இரு நாட்டுப் பவுண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே; அடிதான் வேறு. அந்த வேறுபாடு இருமடியாகும்போது இரட்டிக்கிறது. எனவே நம் மாற்றுக் காரணி அமெரிக்காவில் 4.882409 என்றும், பிரிட்டனில் 4.882437 என்றும் அமைந்தது.

1959 ஜூலை 1 முதல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அறிவியல் ஆய்வகங்கள் ஒரே வரையறையை ஏற்றன. ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம். இவற்றின்படி காரணி 4.882428. இந்தியா அதற்கு முன்பே, 1956-இல், மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றிவிட்டது.

எந்தப் பிழை பெரிது?

பழைய இரு எண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு பத்து லட்சத்தில் ஆறு பங்கு. ஒரு டன் நிலக்கரியில் ஆறு கிராம்! அதைப் போக்க அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர்.

ஆனால் 1999 செப்டம்பரில் என்ன நடந்தது? செவ்வாய்க் கோளின் காலநிலையை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலம் அழிந்தது. அதன் உந்துபொறிகள் தந்த கணத்தாக்கத்தைத் தரையிலிருந்த ஒரு கணிப்பொறி நிரல் ஆங்கில விசைப் பவுண்டில் தந்தது. பாதையைக் கணித்தவர்கள் அதை நியூட்டன் அளவென்று கொண்டனர். 4.45-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் எவரும் பெருக்கவில்லை. கலம் செவ்வாயை மிக நெருங்கி, அதன் காற்றுமண்டலத்தில் புகுந்துவிட்டது.

2019 முதல் கிலோகிராம் எந்த எடைக்கல்லையும் சார்ந்ததன்று. இயற்கையின் மாறிலி ஒன்றே அதற்கு ஆதாரம். பவுண்டும் அதன் வழியே உறுதி பெற்றுவிட்டது. இனி எந்தத் தீயும் அதை அழிக்க முடியாது. ஆயினும் விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது. தேர்வுத்தாளில் அலகு எழுதாத விடைக்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தால், மாணவ நண்பர்களே, அவர் மீது கோபம் கொள்ளாதீர்கள்.