சக்கரத்தை நிறுத்தியவர்கள்

பணியின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், இக்காலத்தில் விடுமுறை வந்ததும் இரயில் நிலையத்தை நாடுவதில்லை. மனைவி மக்களையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு சொந்த வண்டியிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். எஸ்.யூ.வி. என்று வழங்கும் உயரமான பெரிய கார் இதற்கென்றே வந்ததுபோல் அமைந்துவிட்டது. அத்தகைய வண்டியை வாங்கும்பொழுது எஞ்சினின் ஆற்றலைக் கேட்கிறோம். எத்தனை பேர் அமரலாம் என்று கேட்கிறோம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றும் கேட்கிறோம். அஃது எவ்வாறு நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. நானும் கேட்டவனல்லன். கேட்க வேண்டிய நிலை எனக்கு மசூரி மலையிலே நேர்ந்தது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் டில்லியிலிருந்து குடும்பத்துடன் மசூரிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். மசூரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்து டேராடூன் ஏறத்தாழ 640 மீட்டர். பாதி வழி இறங்கியபொழுது, பஞ்சின் மேல் காலை வைத்ததுபோல் பிரேக் மிதி உள்ளே அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்துச் சுவரை ஒட்டி வண்டியை ஒருவாறு நிறுத்தினேன். பின்னிருக்கையில் இருந்த என் தாயார், "என்னப்பா, ஏதோ தீயுற வாடை வருதே?" என்று மட்டும் கேட்டார். நடந்தது இன்னதென்று அவருக்கு நான் அன்று சொல்லவில்லை.

டேராடூன் பட்டறை ஒன்றில் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்கள். பிரேக் பேடு முழுதும் தேய்ந்து, அதன் பின்புறத்து எஃகுத் தகடே சுழலும் வட்டை உராய்ந்துகொண்டிருந்தது. வட்டின் முகத்தில் உழவுசால் போன்ற பள்ளங்கள். சில மாதங்களாகவே அச்சக்கரத்திலிருந்து கீச்சென்ற ஒலி எழுந்ததையும், அதைத் தூசு என்று எண்ணி நான் வாளாவிருந்ததையும் அப்பொழுது நினைவு கூர்ந்தேன். பட்டறைச் சிறுவன் ஒருவன் காற்றுக் குழாயைக் கொணர்ந்து அங்குப் படிந்திருந்த கருந்தூளை ஊதித் தள்ள முற்பட்டான். வேண்டாமென்று தடுத்தேன். நான் கலைப்பட்டம் பெற்றவன். எந்திரத்தைப் பற்றி ஏதும் அறியேன். ஆயினும் அந்தத் தூளைப் பற்றி ஒன்று அறிவேன். எவ்வாறு அறிவேன் என்பதைப் பிறகு கூறுகிறேன்.

முதலில் அந்த மலையில் நிகழ்ந்தது யாது என்று பார்ப்போம். ஓடும் வண்டியின் ஆற்றல் பிரேக்கை மிதித்தவுடன் மறைந்துபோவதில்லை. அது வெப்பமாக மாறுகிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியொன்று மசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும்பொழுது, அவ்வளவு உயரத்திலிருந்து கீழிறங்குவதால் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 66 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இருபது பாகை வெப்பமுள்ள 80 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதுமானது. கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சினே இதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். என்னைப் போல் கியரை மறந்து காலை மட்டுமே நம்பினால், அவ்வெப்பமெல்லாம் நான்கு சக்கரங்களின் உள்ளே குவியும். அங்குள்ள திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்கலாம். ஆகவேதான் மிதி அமிழ்ந்தது. பிரேக்கின் வரலாறு என்பது இந்த வெப்பத்தோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாறே ஆகும்.

குதிரை வண்டிக் காலத்தில் இப்போராட்டம் எளிதாக இருந்தது. மரக்கட்டை ஒன்றைச் சக்கரத்தின் விளிம்பில் நெம்புகோலால் அழுத்தினால் போதும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள் அக்கட்டையின்மேல் பழைய செருப்பின் தோலை வைத்து ஆணியடித்து இறங்குவதை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கவனித்தார் என்று கூறுவர். உராயும் பொருளே பிரேக்கின் உயிர் என்பதை உணர்ந்த அவர், 1897-ஆம் ஆண்டளவில் அதற்கேற்ற பொருளைத் தாமே செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகெங்கும் அறிமுகமான ஃபெரோடோ என்னும் பெயர் அவருடைய பெயரின் எழுத்துகளிலிருந்து பிறந்ததே.

இந்நிலையில் 1902-ஆம் ஆண்டு இரண்டு கருத்துகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றின. பிரான்சில் லூயி ரெனோ என்பவர், சக்கரத்தோடு சுழலும் ஒரு குடத்தின் உட்புறத்தை இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்துமாறு அமைத்தார். இதுவே டிரம் பிரேக். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர், சக்கரத்தோடு சுழலும் ஒரு மெல்லிய உலோக வட்டை இருபுறமும் இடுக்கி போல் பற்றி நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதுவே டிஸ்க் பிரேக். இன்று நம் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் இந்த இடுக்கிதான்.

ஆயினும் அன்று வென்றது குடமே, வட்டு தோற்றது. வட்டைப் பற்றும் முனைகளுக்கு லான்செஸ்டர் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உராய்ந்ததால் காதைத் துளைக்கும் அலறல் எழுந்தது. புழுதி நிறைந்த அக்காலச் சாலைகளில் செம்பும் விரைவில் தேய்ந்தது. குடமோ புழுதி புகாதவாறு மூடியிருந்தது. மேலும், குடத்தின் சுழற்சியே உள்ளிருக்கும் கட்டையைத் தன்னோடு இழுத்து இறுக்குவதால், காலின் சிறு விசையும் பெருவிசையாயிற்று. வட்டுக்கு அந்த உதவி இல்லை. அதை மிக வலிமையாகப் பற்ற வேண்டும். அவ்வலிமையைத் தரவல்ல திரவ அழுத்த முறைக்கு அமெரிக்காவில் மால்கம் லாஃகெட் 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அம்முறையோடு வெளிவந்தது. நல்ல கருத்து ஒன்று தோன்றிவிட்டால் மட்டும் போதாது. அதைத் தாங்கும் பொருளும் துணைக்கருவிகளும் வந்து சேரும்வரை அது காத்திருக்கவே வேண்டும்.

பொருளின் கதைக்கு வருவோம். பருத்தி போன்றவற்றால் ஆகிய பழைய உராய்பொருள்கள் மிகுந்த சூட்டில் கருகின. சூட்டில் கருகாததும், நூலாக நூற்று நெய்யத்தக்கதுமான ஒரு கனிமம் உண்டு. அதனை நாம் கல்நார் என்கிறோம். ஆங்கிலேயர் ஆஸ்பெஸ்டாஸ் என்றனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் ஃபுரூட் இதனைப் பிரேக்கிற்குக் கொண்டுவந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலகின் கார்களும் லாரிகளும் பேருந்துகளும் கல்நாரை நம்பியே நின்றன.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பற்றிய அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. கல்நார் என்ற சொல்லை எழுதியபொழுது, கல்லும் நாரும் ஒன்றாய் அமைந்த அதன் பொருத்தத்தைக் கண்டு மகிழ்ந்தேன். அடுத்த பத்தியை மொழிபெயர்த்தபொழுது அம்மகிழ்ச்சி போயிற்று. கண்ணுக்குப் புலப்படாத அந்த நார் மூச்சோடு நுரையீரலில் புகுந்தால் வெளியேறுவதில்லை; நுரையீரலைத் தழும்பாக்குகிறது; புற்றுநோயையும் விளைவிக்கிறது; நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். கல்நார் கலந்த பிரேக் தேயும்பொழுது உதிர்வதும் இத்தகைய தூளே. பட்டறைச் சிறுவனின் கையை நான் தடுத்ததற்குக் காரணம் இதுவே.

இந்த உண்மை உலகிற்குத் தெரிந்த விதம் துயரமானது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-ஆம் ஆண்டு, முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். வில்லியம் குக் என்னும் மருத்துவர் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து, கல்நார்த் துகளே சாவுக்குக் காரணம் என்று அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் கல்நார்த் தொழிலாளரை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தந்தனர். 1931-இல் ஆலைத் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. ஆலைக்கு வெளியே, சாலையோரப் பட்டறையில் பிரேக் தூளை ஊதிக்கொண்டிருந்தவனை அவ்விதிகள் எட்டவில்லை. பிரிட்டனில் கல்நாருக்கு முழுத்தடை வந்தது 1999-ஆம் ஆண்டில்தான். நெல்லி கெர்ஷா மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கொன்றில், தொழிலாளியின் உடல்நலமும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நாம் விரைந்து சென்று பத்திரமாக நிற்பதற்கு, நாம் பெயரறியாத பலர் தம் மூச்சை விலையாகக் கொடுத்தனர் என்பதை மறத்தல் தகாது.

இனி, காத்திருந்த வட்டின் கதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்களின் எடையும் இறங்கும் வேகமும் பெருகின. மூடிய குடத்தால் அவ்வெப்பத்தை வெளியேற்ற இயலவில்லை. குடம் சூடேறினால் விரிந்து கட்டையை விட்டு விலகும். வட்டு சூடேறினால் தடித்துப் பேடை நெருங்கும். வட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறவும் செய்யும். எனவே விமானங்கள் வட்டை ஏற்றன. அங்கிருந்து டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் அதைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தன. 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகிய இருவரும் ஓட்டிய ஜாகுவார் முதலிடம் பெற்றது. பந்தய முழுமைக்குமான சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது. அங்குள்ள நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் பிறர் முன்கூட்டியே வேகத்தைத் தணிக்க, ஜாகுவார் ஓட்டிகள் மேலும் சிறிது தொலைவு விரைந்து சென்று பிறகு பிரேக்கை மிதித்தனர். நன்றாக நிற்கத் தெரிந்த வண்டியே விரைவாக ஓடவும் வல்லதாயிற்று. 1955-இல் பாரிசில் வெளியான சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கரங்களில் வட்டுகளோடு பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. லான்செஸ்டர் 1946-இலேயே மறைந்துவிட்டார்.

நம் நாட்டில் அம்பாசடர் கார் நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் குடத்தோடே ஓடியது. 1962-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பாடியில், டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா என்னும் தொழிற்சாலையை நிறுவின. பிரேக் உறுப்புகளை இறக்குமதி செய்த நிலை மாறத் தொடங்கியதில் நம் தமிழகத்துக்கும் இவ்வாறு ஒரு பங்கு உண்டு.

அன்று டேராடூனில் முன்சக்கரம் இரண்டிற்கும் புது வட்டும் புதுப் பேடும் மாற்றி, பழைய திரவத்தை வடித்துப் புதிதும் ஊற்றினோம். அதனால் நான் கற்றவற்றை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதுப் பேடின் உராய்பொருள் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர்த் தடிப்புடையது. 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். வட்டின் மீதே அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த வட்டில் புதுப் பேடு பூட்டுவது வீண். ஒரு சக்கரத்தில் மாற்றினால் அதே அச்சின் மறு சக்கரத்திலும் மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகைக்குக் குறையாமல் கொதிநிலை உடையது. ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கலாம். துளையிட்ட வட்டு, கீறலிட்ட வட்டு என உயர்ந்த விலைக்கு விற்பவை உண்டு. குடும்ப வண்டிக்கு அவை இன்றியமையாதன அல்ல. உள்ளே காற்றுப்பாதை உள்ள நல்ல வார்ப்பிரும்பு வட்டும், கல்நார் அற்றது என்று குறித்த தரமான பேடும் போதும். புதிதாய் மாற்றியபின், மட்டான வேகத்திலிருந்து பலமுறை மெல்லத் தணித்து ஓட்டி, பேடும் வட்டும் ஒன்றோடொன்று பொருந்த இடந்தர வேண்டும். தூளை ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம்.

இறுதியாக ஒன்று. நான் மாதக்கணக்கில் பொருட்படுத்தாத அந்தக் கீச்சொலி தூசினால் எழுந்ததன்று. பேடு தேய்ந்து ஓர் அளவுக்கு வந்ததும் வட்டைத் தொட்டு ஒலிக்குமாறு, சிறு எஃகு நாக்கு ஒன்றை அதில் வேண்டுமென்றே வைத்திருக்கின்றனர். 1902-இல் லான்செஸ்டரின் பிரேக்கைத் தோற்கடித்த அலறலே இன்று நம்மைக் காக்கும் எச்சரிக்கையாக நியமனம் பெற்றிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன், வானொலியைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் சக்கரம் ஏதேனும் சொல்கிறதா என்று கேளுங்கள்.